ஆர்லாண்டோ தீம் பார்க் பயணம்: கோடை மழை, வறட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மே மாதம் பிறந்தால் போதும், என் போனில் ஒரே மாதிரிக் கேள்விகள் வரிசைகட்டும். டல்லஸிலிருந்து மச்சான், நியூஜெர்சியிலிருந்து காலேஜ் நண்பர்கள், கோயம்புத்தூரிலிருந்து சித்தி. எல்லோருக்கும் டிஸ்னி பூங்காக்கள் இருக்கும் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவைப் பார்க்க வேண்டும், எல்லோருக்கும் மழை பயம். சில வருடங்களாக "அங்கே வறட்சியாமே, காட்டுத்தீயாமே" என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. ஆளாளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பிக் களைத்துப்போய் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். கேள்விகள் அவரவர் கேட்டபடியே இருக்கின்றன.

ஜூலைல டிக்கெட் போட்டாச்சு. போன்ல பார்த்தா பத்து நாளும் இடி மழைன்னு காட்டுது. கேன்சல் பண்ணிடவா?

வேண்டாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த வாரத்தில் பார்த்தாலும் போன் அதே இடிமேகப் படத்தைத்தான் காட்டும். வழக்கமான நாள் எப்படி இருக்கும் என்றால், காலை பளிச்சென்று விடியும். பதினோரு மணிக்கெல்லாம் வியர்த்து ஊற்றும். மத்தியானம் இரண்டிலிருந்து ஆறுக்குள் எப்போதாவது அரை மணி, முக்கால் மணி அடித்துப் பெய்யும். அப்புறம் மறுபடி வெயில். பூங்காவின் ஒரு மூலை நனைந்து மறு மூலை காய்ந்து கிடப்பதும் உண்டு.

"மழை வாய்ப்பு 60 சதவீதம்" என்றால் நாளில் 60 சதவீத நேரம் மழை என்று அர்த்தமில்லை. நீங்கள் நிற்கும் இடத்தில் கொஞ்சமாவது தூற அவ்வளவு வாய்ப்பு, அவ்வளவுதான். பத்து நாள் கணிப்பை மூடிவைத்துவிட்டு, அன்று காலைக் கணிப்பையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரேடார் படத்தையும் மட்டும் பாருங்கள்.

அதென்ன, தினமும் அலாரம் வெச்ச மாதிரி மத்தியானம் மழை?

சென்னைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஜூலை, ஆகஸ்டில் பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் கடல்காற்று உள்ளே வந்ததும் இடியோடு கொட்டுமே, வெப்பச்சலன மழை, அதேதான் இது. சென்னைக்கு ஒரு கடல். ஃபுளோரிடா தீபகற்பத்துக்கு இரண்டு: கிழக்கே அட்லாண்டிக், மேற்கே மெக்சிகோ வளைகுடா. பகல் ஏற ஏற நிலம் சூடாகி, இரண்டு பக்கமிருந்தும் கடல்காற்று உள்ளே நகர்கிறது. நடுவில் சந்திக்கும்போது அந்த ஈரக்காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை. ஏறியது இடிமேகமாகிறது. ஆர்லாண்டோ இருப்பது அந்த நடுவில்.

எந்த மணிக்கு என்பது அன்றைய பொதுவான காற்றைப் பொறுத்தது. கிழக்குக் காற்று வலுவாக இருந்தால் மோதல் மேற்கே தள்ளிப்போய், ஆர்லாண்டோவில் சீக்கிரம் தூறி முடிந்துவிடும். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் மோதல் ஆர்லாண்டோ பக்கம் நடக்கும். மழை தாமதமாக வரும், வந்தால் பலமாக வரும். இரவு வாணவேடிக்கை தள்ளிப்போவதெல்லாம் பெரும்பாலும் அந்த மாதிரி நாட்களில்தான்.

இவ்வளவு மழை பெய்யிற ஊர்ல வறட்சியா? நம்பற மாதிரியே இல்லையே?

சென்னையில் 2015-இல் வெள்ளத்தையும் 2019-இல் வறண்ட ஏரிகளையும் பார்த்த நாம் இப்படிக் கேட்கலாமா? ஆர்லாண்டோவின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,300 மி.மீ. லண்டனைப் போல இரு மடங்கு, சென்னையைவிடக் கொஞ்சம்தான் குறைவு. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. அக்டோபர் நடுவிலிருந்து மே கடைசி வரை வறண்ட காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில் அவர்களுக்கு மழை முடிகிறது.

குளிர்காலத்தில் அங்கே மழை கொண்டுவருவது வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்று முகப்புகள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்திருக்கும் லா நினா வருடங்களில் அவை வரும் பாதை வடக்கே நகர்ந்துவிடுவதால் ஃபுளோரிடாவுக்குக் கிடைப்பது சொற்பம். அதன் மேல் ஏப்ரல், மே வெயில். மண்ணோ மணல், தண்ணீரைப் பிடித்து வைக்காது. மூன்று வாரம் மழை இல்லையென்றால் புல் பழுப்பாகிவிடும். அதே கடல் சூடேறும் எல் நினோ வருடத்தில் நேர் எதிர், குளிர்காலமே ஈரமாக இருக்கும். அது நல்ல செய்தி என்று தோன்றும். எப்போதும் அப்படியில்லை என்பதைத் தீ பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

ஊர்ல இருந்து அம்மா அப்பா வர்றாங்க. எந்த மாசம் கூட்டிட்டுப் போறது?

வயதானவர்களோடு என்றால் நவம்பர் முதல் மார்ச் வரை. மழையும் குறைவு, வெயிலும் குறைவு. கிறிஸ்துமஸ் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் நம் ஊர்த் தேர்த்திருவிழாதான். ஊரில் ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில் வருகிறவர்களுக்கு மழைத் தொல்லை பெரும்பாலும் இருக்காது. ஆனால் அதுதான் வறட்சி உச்சத்தில் இருக்கும் காலம், சில நாள் புகை இருக்கலாம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் விடுமுறை கிடைக்கும் என்றால் மழையைவிட வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும். மத்தியானம் 33 டிகிரி செல்சியஸ்தான் காட்டும். மதுரைக்காரர் அதைக் கேட்டுச் சிரிப்பார். ஈரப்பதம் சேர்ந்தால் உடம்புக்கு 40-க்கு மேல் தெரியும். என் மாமனார் இரண்டாம் நாளே "ஹோட்டல் ஏசியே போதும்ப்பா" என்று உட்கார்ந்துவிட்டார். மழை வந்து பத்து டிகிரி இறங்கியதும்தான் மனிதர் எழுந்து வந்தார்.

மழை வந்தா எல்லா ரைடையும் மூடிடுவாங்களா? காசு திரும்பக் கிடைக்குமா?

மழைக்காக மூடுவது குறைவு. மின்னலுக்காக மூடுவார்கள். வெட்டவெளியில் ஓடும் ரோலர்கோஸ்டர், ரயில், படகு, டிஸ்னியின் ஸ்கைலைனர் கம்பிவடப் பெட்டிகள், தண்ணீர்ப் பூங்காக்கள் எல்லாம் இடிமேகம் நெருங்கியதும் நிற்கும். ஸ்பேஸ் மவுண்டன், ஹான்டட் மேன்ஷன் போன்ற கூரைக்குள் இருப்பவை ஓடிக்கொண்டே இருக்கும். டிஸ்னியின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் ஊர்வலம் ரத்தானால் மழைநாளுக்கென்று சின்ன ஊர்வலம் ஒன்றை விடுவதும் உண்டு. அதனால் காலையில் வெளி ரைடுகள், இரண்டு மணிக்கு மேல் உள் ரைடுகள் என்று வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு என்னைத் திட்டுகிறார்கள்.

காசு? சாதாரண மழைக்குப் பொதுவாகக் கிடைக்காது. தண்ணீர்ப் பூங்காக்களில் நீண்ட நேரம் மூடினால் வேறு நாள் நுழைவு தருவது போன்ற விதிகள் இடத்துக்கு இடம் மாறும். வாங்கும் முன்பே டிக்கெட்டின் அடியில் உள்ள பொடி எழுத்தைப் படித்துவிடுங்கள். மழை ஆரம்பித்ததும் பாதிக் கூட்டம் வாசலைப் பார்த்து ஓடும். நீங்கள் ஓடாதீர்கள். மழை விட்ட முதல் ஒரு மணி நேரத்தில் வரிசை நாள் முழுக்கக் காணாத அளவுக்குக் குறைந்திருக்கும்.

மின்னலுக்கு இவ்வளவு பயப்படணுமா? நம்ம ஊர்ல பார்க்காத மின்னலா?

பயப்பட வேண்டும். அமெரிக்காவிலேயே மின்னல் மிக அதிகமாக அடிக்கும் பகுதிகளில் ஒன்று இது. மேற்கே டாம்பாவிலிருந்து கிழக்கே டைட்டஸ்வில் வரை போகும் பட்டைக்கு மின்னல் சந்து என்றே பட்டப்பெயர், ஆர்லாண்டோ அதன் நடுவில். மின்னல் மழைக்குள்ளேதான் விழும் என்று நினைக்காதீர்கள். மேகத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, வெயில் அடிக்கும் இடத்திலும் விழும்.

இடி காதில் கேட்டாலே நீங்கள் எட்டும் தூரத்தில் இருக்கிறீர்கள். கட்டடத்துக்குள் போங்கள், இல்லையென்றால் மூடிய காருக்குள். மரத்தடியும் கூரை மட்டும் உள்ள பந்தலும் கணக்கில் வராது. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருங்கள். ஹோட்டல் நீச்சல்குளத்திலிருந்து விசில் அடித்து வெளியேற்றினால் காவலரோடு வாதாடாதீர்கள். நம் ஆட்கள் இதில் கொஞ்சம் மோசம்.

வறட்சின்னு அறிவிச்சா தண்ணி ரைடெல்லாம் ஓடுமா?

வறட்சி கடுமையாக இருக்கும்போதுகூட ஓடுவதுதான் வழக்கம். ரைடில் ஓடும் தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டுச் சுற்றிச் சுற்றி வருவது. ஆவியாவதையும் தெறித்து வீணாவதையும் மட்டும் நிரப்பினால் போதும். அதிகத் தண்ணீர் குடிப்பவை செடிகொடிகள், புல்வெளிகள், கோல்ஃப் மைதானங்கள். அவற்றுக்கு டிஸ்னி வளாகத்தில் பெரும்பாலும் மறுசுழற்சி நீர்தான். கழிவுநீரைச் சுத்தம் செய்து, ஊதா நிறக் குழாயில் தனியாகக் கொண்டுவருவார்கள். "இதைக் குடிக்காதீர்கள்" என்ற பலகையைப் பார்த்தால் அதுதான்.

இதில் அந்த வட்டாரத்துக்கு நெடுநாள் அனுபவம் உண்டு. ஆர்லாண்டோ நகரமும் ஆரஞ்சு கவுண்டியும் (கவுண்டி என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி) சேர்ந்து 1986-இல் தொடங்கிய வாட்டர் கன்சர்வ் 2 என்ற திட்டத்தில், சுத்திகரித்த நீரை ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பாய்ச்சினார்கள். மீதியை மணல் குளங்களில் விட்டு நிலத்துக்குள் இறக்கினார்கள். பூங்காவின் வாணவேடிக்கையைவிட இதுதான் எனக்குப் பெரிய வேடிக்கை. கூட வருகிறவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

டிஸ்னி சதுப்பு நிலத்துல கட்டினதுன்னு சொல்றாங்களே. மழைல மூழ்காதா?

சதுப்பு நிலம்தான். 1971-இல் திறப்பதற்கு முன், கட்டடங்களுக்குக் கை வைக்கும் முன்பே, தண்ணீரைத்தான் கையாண்டார்கள். 60 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய்கள் வெட்டினார்கள். அவற்றின் மதகுகளுக்கு மின்சாரமும் வேண்டாம், ஆளும் வேண்டாம். மிதவை ஏறும் மட்டத்துக்குத் தானே திறந்து தானே மூடும். மழைக்காலத்தில் வெள்ளத்தை வெளியேற்றுவதோடு, வறண்ட காலத்தில் தண்ணீர் ஒரேயடியாக வடிந்து சதுப்பு செத்துவிடாமல் தடுப்பதும் அவற்றின் வேலை. இரண்டையும் ஒன்றாக யோசித்ததுதான் அதில் அழகு.

மேஜிக் கிங்டமில் நீங்கள் நடப்பது உண்மையில் முதல் மாடி. ஊழியர்கள் போய்வரும் சுரங்கப்பாதைகளைக் கீழே தோண்டினால் நிலத்தடி நீர் வந்துவிடும். அதனால் தரைமட்டத்திலேயே அவற்றைக் கட்டி, வாசலுக்கு எதிரே உள்ள செவன் சீஸ் லகூனைத் தோண்டிய மண்ணைப் போட்டு நிரப்பி, அதன் மேல் பூங்காவை வைத்தார்கள். கொசு வருமே என்று கேட்பீர்கள். தேங்கும் நீரைக் குறைப்பதோடு, வளாகத்தில் அங்கங்கே கோழிகளும் வளர்க்கிறார்கள். கொசு கடித்த கோழியின் ரத்தத்தைச் சோதித்தால் வைரஸ் நடமாட்டம் முன்கூட்டியே தெரிந்துவிடும், கோழிக்கு நோய் வராது.

ஆனால் வளாகத்துக்கு வெளியே எல்லா இடமும் இப்படி இல்லை. 2022-இல் இயன் புயலின்போது ஆர்லாண்டோவுக்கு மேற்கே ஓர்லோ விஸ்டாவிலும் தெற்கே கிஸ்ஸிம்மியிலும் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. வாடகை வீடு எடுக்கிறவர்கள் ஏரியோரமா, தாழ்வான இடமா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

காலைல எழுந்தா புகை வாசனை. காட்டுத்தீயா, கிளம்பிடணுமா?

பெரும்பாலும் அது வேண்டுமென்றே வைத்த தீ. ஃபுளோரிடாவில் ஆண்டுக்குச் சுமார் 20 லட்சம் ஏக்கரில் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். அங்குள்ள பைன் காடுகளும் புல்லும் அடிக்கடி எரிந்து பழகியவை. காய்ந்த சருகைச் சின்னத் தீயால் அகற்றாவிட்டால் வறட்சியில் பெருந்தீயாகப் பற்றும்.

எல் நினோ பற்றிச் சொல்லி நிறுத்தினேனே, அது இங்கே வருகிறது. 1997-98 குளிர்காலத்தில் எல் நினோவால் நல்ல மழை, செடிகொடி செழித்தது. ஏப்ரலில் மழை நின்றது. கோடை மழையும் நேரத்துக்கு வரவில்லை. வளர்ந்ததெல்லாம் விறகாகக் காய்ந்தது. அப்புறம் மின்னல் வந்தது, மழை இல்லாமல். அந்தக் கோடையில் 2,000-க்கு மேற்பட்ட தீக்கள், சுமார் 5 லட்சம் ஏக்கர் கருகியது. ஜூலை தொடக்கத்தில் ஃப்ளாக்ளர் கவுண்டி முழுவதையுமே காலி செய்யச் சொன்னார்கள். ஆர்லாண்டோவிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள டேடோனாவில் ஜூலை 4 கார் பந்தயத்தை அக்டோபருக்குத் தள்ளிவைத்தார்கள். கடைசியில் தீயை அடக்கப் பெரிதும் உதவியது தாமதமாக வந்த அந்த மத்தியான மழை. அதனால்தான் மழையைத் திட்டுகிற விருந்தாளிகளிடம் நான் இந்தக் கதையை எடுக்கிறேன்.

நீங்கள் கவனிக்க வேண்டியது சாலையை. விடியற்காலைப் பனிமூட்டமும் புகையும் கலந்தால் வண்டியின் முன்பக்கம்கூடத் தெரியாது. 2008 ஜனவரியில் டாம்பா - ஆர்லாண்டோ ஐ-4 நெடுஞ்சாலையில் இப்படித்தான் சுமார் 70 வண்டிகள் மோதி, உயிர்களும் போயின. புகை எச்சரிக்கை இருந்தால் ஆறு மணிக்குக் கிளம்பாமல் ஒன்பதுக்குக் கிளம்புங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை லாக்கரில் விடாமல் கையில் வைத்திருங்கள்.

சிங்க்ஹோல்னு பூமியே உள்வாங்குதாமே. அது வறட்சியாலயா மழையாலயா?

இரண்டாலும். இரண்டும் அடுத்தடுத்து வரும்போது அதிகம். அந்த நிலத்தின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். லேசான அமிலம் கலந்த மழைநீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதைக் கரைத்து உள்ளே பொந்துகள் ஆக்கிவைத்திருக்கிறது. பொந்தில் நிறைந்த தண்ணீர், மேலே உள்ள மண்ணுக்கு முட்டுக்கொடுப்பது போல. வறட்சியில் அந்த நீர் இறங்கினால் முட்டு போகிறது. அப்போது பெருமழை பெய்து மேல்மண் கனத்தால் கூரை இடிகிறது. வறட்சிக்குப் பின் 2012 ஜூனில் டெபி புயல்மழை கொட்டியபோது ஃபுளோரிடாவில் இப்படி நிறையக் குழிகள் விழுந்தன. ஆர்லாண்டோவை ஒட்டிய வின்டர் பார்க்கில் 1981 மே மாதம் விழுந்த குழி ஒரு வீட்டையும் சில போர்ஷே கார்களையும் நகராட்சி நீச்சல்குளத்தின் ஒரு பகுதியையும் விழுங்கியது. இன்று அந்தக் குழி ஒரு சின்ன ஏரி.

2013 ஆகஸ்டில் டிஸ்னிக்குப் பக்கத்தில் ஒரு விடுதிக் கட்டடம் இரவில் சரிந்தது. விருந்தினர்கள் எல்லோரும் முன்பே வெளியேறிவிட்டதால் ஒருவருக்கும் காயமில்லை. கதவு திடீரென்று சிக்குவது, சுவரில் புது விரிசல் ஓடுவது, ஜன்னல் தானாக உடைவது போன்றவை தெரிந்தால் வரவேற்பறைக்குச் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். மற்றபடி இதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். நெடுஞ்சாலை இதைவிடப் பல மடங்கு ஆபத்து.

ரிசார்ட் ஏரில கால் நனைக்கலாமா? முதலை, அமீபான்னு என்னென்னவோ சொல்றாங்க.

வேண்டாம். அங்கே ஒவ்வொரு நன்னீர் ஏரியிலும் அலிகேட்டர் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வறட்சியில் குட்டைகள் சுருங்கும்போது மீதியிருக்கும் தண்ணீரில் அவை கூடும். மழை வந்து கால்வாய்கள் நிரம்பினால் இடம் மாறும். 2016 ஜூனில் டிஸ்னி ரிசார்ட் ஏரியின் கரையில் ஒரு குழந்தை பலியான பிறகு, கரையோரம் கற்களும் வேலியும் வந்தன. அவை இல்லாத இடத்திலும், முக்கியமாக இருட்டியபின், பிள்ளைகளைக் கரைக்கு விடாதீர்கள்.

மூளையைத் தாக்கும் அமீபா கேரளச் செய்திகளில் வந்த அதே வகைதான். வெதுவெதுப்பான நன்னீரில், மட்டம் குறைந்து சூடேறும் கோடையில் ஆபத்து கூடும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். மூக்குக்குள் தண்ணீர் ஏறினால்தான் தொற்றும், குடிப்பதால் அல்ல. குளோரின் சரியாகப் போட்ட குளத்திலும் தண்ணீர்ப் பூங்காவிலும் இந்தப் பயம் வேண்டாம்.

ரெண்டு நாள் வெளுத்து வாங்கினா வறட்சி தீர்ந்துடாதா?

தீயணைப்புத் துறைக்குத் தீர்ந்துவிடும், ஏரிக்குத் தீராது. பெய்வதில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகவும் செடிகளின் வழியாகவும் திரும்ப மேலேயே போய்விடுகிறது. மீதிதான் மணல் வழியாகக் கீழே ஃபுளோரிடன் நீர்த்தேக்கம் என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்குக்கு இறங்குகிறது. டிஸ்னிக்கு மேற்கே உள்ள கிரீன் ஸ்வாம்ப் போன்ற இடங்கள்தான் அதன் வாய்.

2007-ஐப் பாருங்கள். ஆர்லாண்டோ பக்கத்து ஷிங்கிள் கிரீக், கிஸ்ஸிம்மி ஏரிகள் வழியாகப் போகும் தண்ணீர் கடைசியில் சேரும் ஒக்கிச்சோபி ஏரி, வரலாற்றிலேயே மிகக் குறைந்த மட்டத்துக்கு இறங்கியது அந்த ஜூலை 2-ஆம் தேதி. அதாவது மழைக்காலம் தொடங்கி ஒரு மாதத்துக்குப் பின்.

உண்மையைச் சொல்லுங்க, எங்களை மாதிரி டூரிஸ்டாலதானே அந்த ஊர்த் தண்ணி காலியாகுது?

பங்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. ஹோட்டலில் நீங்கள் குளிப்பது சின்னக் கணக்கு. பூங்காக்களால் வேலை வந்தது, வேலையால் மக்கள் வந்தார்கள், மக்களால் வீடுகள், ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு புல்தரை. வீட்டுத் தண்ணீரில் பாதி அளவு வெளியே புல்லுக்குப் போகிறது என்று அங்குள்ள நீர் மேலாண்மை அமைப்புகள் சொல்கின்றன. ஆர்லாண்டோ வட்டாரத்தில் அப்படி மூன்று அமைப்புகளின் எல்லைகள் சந்திக்கின்றன. நிலத்தடி நன்னீர் மட்டும் வருங்காலத்துக்குப் போதாது என்று அவை சேர்ந்தே கணக்குப் போட்டு, வேறு நீருக்குத் திட்டமிடுகின்றன.

நடைமுறையில் விருந்தாளிக்கு இது எங்கே இடிக்கும் என்றால், வாடகை வீட்டில். ஸ்பிரிங்க்ளர் போட அங்கே முறை வைத்திருக்கிறார்கள்: பல இடங்களில் கோடையில் ஒற்றைப்படைக் கதவு எண்ணுக்குப் புதனும் சனியும், இரட்டைப்படைக்கு வியாழனும் ஞாயிறும். காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை எவருக்கும் கிடையாது. நல்ல எண்ணத்தில் பத்து நாளும் புல்லுக்குத் தண்ணீர் விட்ட ஒரு நண்பர் வீட்டுக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்த டைமர் பெட்டியை மட்டும் தொடாதீர்கள்.